பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிடுதல்: எந்த அறை முதலில்?

செம்மண்ணைக் குழைத்து எழுப்பிய கனத்த சுவர், பனங்கைகளின் மேல் நாட்டு ஓடு, நடுவில் முற்றம் என்ற அமைப்பில் கட்டப்பட்ட பழைய வீடுகள் நம் கிராமங்களில் இன்னும் பல உள்ளன. கோடையிலும் இவை குளிர்ச்சியாக இருக்கும். சுவரும் கூரையும் உறுதியாக இருந்தால் இத்தகைய வீட்டை இடிக்கத் தேவையில்லை. அறுவடைப் பணம் வரும்போது ஆண்டுக்கு ஓர் அறை வீதம் கணவனும் மனைவியும் சேர்ந்து செப்பனிட்டுக் கொள்ளலாம்.

ஆனால் பல குடும்பங்களில் முதல் பணம் முன்கூடத்திற்கே போய்விடுகிறது. வருவோர் பார்க்கும் இடம் என்பதால் அங்கே சிமெண்டுப் பூச்சு, பளபளக்கும் தரை, வண்ணம் என்று செலவிடுகிறார்கள். அடுக்களைக்கும் தானிய அறைக்கும் முறை வரும்போது கையில் காசு இருப்பதில்லை. புகையும் எலியும் அப்படியே இருக்க, ஈரம் ஏறிய சுவரில் புதிய பூச்சும் சில மழைக்காலங்களில் உப்பிப் பெயர்ந்து விடுகிறது. ஆகவே நீர், புகை, தானியம், அதன் பிறகு அழகு என்ற வரிசையில் வேலையை அமைத்துக் கொள்வது நல்லது.

இருவரும் சேர்ந்து பார்வையிடுக

நல்ல மழை பெய்யும் நாளில் கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எல்லா அறைகளையும் சுற்றி வர வேண்டும். கூரை, வெளிச்சுவர், மோட்டார் இணைப்பு ஆகியவற்றின் நிலை கணவனுக்குத் தெரிந்திருக்கும். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்த இடத்தில் தரை சில்லிடுகிறது, எலி எந்த வழியாக வருகிறது என்பவை மனைவிக்குத் தெரியும். இருவர் சொல்வதையும் அறைவாரியாக எழுதினால்தான் வீட்டின் முழு நிலை தெரியும்.

உத்திரம், கைமரம், நிலைக்கதவு ஆகியவற்றைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது என்று பொருள். சுவரில் மண்குழாய் போன்ற தடம் தெரிந்தால் அது கரையான் வழி. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டினால், அனுபவமுள்ள கொத்தனாரிடம் காட்டாமல் வேறு வேலையைத் தொடங்கக் கூடாது.

நீரை விலக்குதல்

மண்சுவருக்கு முதல் பகை நீர். உடைந்த ஓடுகளை மாற்றுவதும், நகர்ந்தவற்றைச் சரிசெய்வதும் குறைந்த செலவில் முடியும். அடுத்து வெளித்தரையைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்காண்டு தெரு உயர்வதால் பல வீடுகளில் வெளித்தரை உள்தரைக்குச் சமமாக வந்து விடுகிறது. சுவரை ஒட்டிச் சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்வாகச் சரிவு கொடுக்க வேண்டும். குளியல் நீரும் மாட்டுக் கொட்டில் நீரும் சுவரோரம் தேங்கக் கூடாது. மாட்டுக் கோமியத்தில் உள்ள உப்புகள் சுவரில் ஏறிப் பூத்து மண்ணை உதிரச் செய்யும்.

சுவர்ப் பூச்சு

மண்சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி விடும். வெளியே பூச்சு கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே மண் இளகிக் கொண்டிருக்கும். ஆகவே மண்ணுடன் நறுக்கிய வைக்கோல் கலந்த பூச்சு அல்லது சுண்ணாம்புச் சாந்து ஏற்றது.

நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு என்ற அளவில் சாந்து தயாரிக்கலாம். உதிரும் மண்ணைச் சுரண்டி, லேசாக நீர் தெளித்து, அரை அங்குலத்திற்கு மிகாமல் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். ஒரு வாரம் நீர் தெளித்து வெயில் படாமல் காக்க வேண்டும். கற்சுண்ணாம்பை நீற்றும்போது தொட்டி நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணிவது அவசியம். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

புதிதாகச் சன்னல் வைப்பவர்கள் சுவர் மூலையிலிருந்து 4 அடியாவது தள்ளித் திறப்பு அமைத்து, மேலே உறுதியான விட்டம் கொடுக்க வேண்டும்.

அடுக்களை

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேரின் இறப்புக்கு வீட்டுக்குள் எழும் புகை காரணமாக இருந்தது. எரிவாயு அடுப்பு வந்த பிறகும் வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் விறகு எரிக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய அடுப்பை முற்றத்திற்கு மாற்றலாம். அல்லது புகைபோக்கி வைக்கலாம். புகைபோக்கியின் வாய் கூரை முகட்டுக்கு மேல் 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். அது கைமரத்தைத் தொடக் கூடாது. மாதம் ஒரு முறை கரியை நீக்க வேண்டும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். ஆகவே அடுக்களையில் தரையை ஒட்டியும் காற்றுத் துளை இருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் அமைக்க வேண்டும். மேடையின் உயரத்தை அங்கு நின்று சமைப்பவரே அளந்து சொல்ல வேண்டும்.

தானிய அறை

தரையில் ஒரு பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டி, ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர் முத்துகள் இருந்தால் தரையில் ஈரம் ஏறுகிறது. அந்த அறையில் மூட்டைகளைத் தரையில் அடுக்கவே கூடாது. மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். நெல்லை 12 முதல் 13 சதம் ஈரப்பதம் வரை காயவைத்தே உள்ளே வைக்க வேண்டும். கால் அங்குல இடைவெளியில் சுண்டெலி நுழைந்து விடும். கதவின் அடியில் தகரம் அடித்து, சன்னலுக்கு இரும்பு வலை போட வேண்டும்.

பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பூச்சிமருந்து டப்பாக்கள் கிடைக்கலாம். ஆல்டிரின் 1996ஆம் ஆண்டிலும் பி.எச்.சி. 1997ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. கரையானுக்கென்று இவற்றைத் தூவக் கூடாது. புதைப்பதும் கிணற்றில் வீசுவதும் தவறு. கையுறை அணிந்து எடுத்துத் தனியே பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரின் ஆலோசனையைப் பெற வேண்டும். புதிய மருந்துகளையும் படுக்கும் அறையிலோ தானிய அறையிலோ வைக்கக் கூடாது.

காலமும் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை மாதத்தில் கூரை வேலையையும், மாசி, பங்குனியில் சுவர் வேலையையும் முடிக்கலாம். பூச்சுக்கு முன்னரே மின் ஒயர்களை மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்திக் கொள்வது உயிரைக் காக்கும்.

பொருள், கூலி, வீட்டார் உழைத்த நாட்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதி வர வேண்டும். சொந்த வீட்டில் மண் சுமந்த மனைவியின் நாளும், ஓடு மாற்றிய கணவனின் நாளும் கணக்கில் ஏற வேண்டும். அப்போதுதான் ஓர் அறைக்கு ஆன உண்மைச் செலவு தெரியும். அடுத்த ஆண்டு எந்த அறையை எடுப்பது என்று இருவரும் கலந்து முடிவு செய்ய முடியும். இம்முறையில் முன்கூடத்தின் முறை கடைசியில் வரும். அதற்குள் ஒழுகாத கூரையும் புகையில்லாத அடுக்களையும் ஈரம் ஏறாத தானிய அறையும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும்.