கஷ்ட காலத்துல ஸ்தோத்திரம் சொல்றது எப்படி? அக்காவோட 12 டிப்ஸ்

வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுற. இல்லைன்னா வேலை போயிருக்கு, நகை அடகுல இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்குது. இந்த நேரம் பார்த்து யாரோ வந்து, "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உனக்குச் சுருக்குனு கோபம் வருது. வரத்தான் செய்யும். அதுக்காக நன்றி சொல்றதையே விட்டுடாதே தங்கச்சி. கஷ்டத்துல இருக்கிறவளுக்குத்தான் அது ரொம்பத் தேவை. எப்படிச் செய்யணும்னு உனக்கு யாரும் பக்குவமா சொல்லித் தரலை, அவ்வளவுதான். நான் சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். இதுல முக்கால்வாசிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல ஆகாது.

1. முதல்ல அழுதுடு

விசுவாசின்னா அழக் கூடாதுன்னு எவ சொன்னா? யோவான் 11-ம் அதிகாரத்தை எடுத்துப் பாரு. லாசருவோட கல்லறைகிட்ட வந்த இயேசு 35-ம் வசனத்துல அழறார். 41-ம் வசனத்துல பிதாவுக்கு நன்றி சொல்றார். லாசரு அப்போ இன்னும் வெளியே வரலை, கல்லை மட்டும்தான் எடுத்திருக்காங்க. அழுததும் அவர்தான், பதில் வர்றதுக்கு முன்னாடியே நன்றி சொன்னதும் அவர்தான். 13-ம் சங்கீதம் மொத்தமே ஆறு வசனம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்னு தாவீது சண்டை போட்டு ஆரம்பிச்சு, பாட்டுல கொண்டுவந்து முடிக்கிறார். நீயும் அதே வரிசையைப் பிடி. முதல்ல முறையிடு, அப்புறம் நன்றி சொல்லு. அழுகையை முழுங்கிட்டுச் சொல்ற ஸ்தோத்திரம் நாலு நாள்கூடத் தாங்காது.

2. வியாதிக்காக நன்றி சொல்லாதே

கேன்சருக்கு ஸ்தோத்திரம், புருஷன் குடிக்கிறதுக்கு ஸ்தோத்திரம்னு வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. ஆண்டவர் அதைக் கேட்கலை. மரணத்தையே சத்துருன்னுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கார். சத்துருவுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா? நீ எந்த நிலைமையில இருந்தாலும், அந்த நிலைமைக்குள்ள உன்னைத் தாங்குறவருக்கு நன்றி சொல்லு. வலியை நல்லதுன்னு சொல்லி நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

3. பொதுவா சொல்லாம, குறிப்பிட்டுச் சொல்லு

"ஆயிரம் ஸ்தோத்திர பலி" புத்தகம் நிறைய வீட்டுல இருக்கு. ஜெபிக்க வார்த்தையே வராத நாள்ல அது கைகொடுக்கும், நல்லதுதான். ஆனா மனசு அடுப்படியில இருக்க, வாய் மட்டும் ஆயிரத்தையும் ஓட்டி முடிக்கிறதுல என்ன பிரயோஜனம்? உன் வாழ்க்கையில இருந்து எடுத்து மூணே மூணு சொல்லு, போதும்.

- "ஆண்டவரே, டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததும் அவரே வாய்விட்டுக் கஞ்சி கேட்டாரே, அதுக்கு ஸ்தோத்திரம்."
- "இந்த மாச வாடகைக்கு ஹவுஸ் ஓனர் பத்து நாள் டைம் கொடுத்தாரே, அதுக்கு ஸ்தோத்திரம்."
- "ராத்திரி மூணு மணி நேரமாவது தூங்க முடிஞ்சதே, அதுக்கு ஸ்தோத்திரம்."

136-ம் சங்கீதத்துல 26 வசனம் இருக்கு. சிருஷ்டிப்பு, செங்கடல், சீகோன், ஓக்னு ராஜாக்களோட பேர் வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்லிட்டு, 25-ம் வசனத்துல சாப்பாட்டுல வந்து நிக்குது. செங்கடலும் சாப்பாடும் ஒரே பட்டியல்லதான் இருக்கு. அதனால உன் கஞ்சியைச் சின்ன விஷயம்னு நினைக்காதே.

4. ஜெபக்குறிப்பு நோட்டுல வலது பக்கத்தைக் காலியா விடு

எல்லாரும் கேட்கிறதை மட்டும் எழுதி வைக்கிறோம். கிடைச்சதை எழுதுறதே இல்லை. அதனாலதான் அடுத்த கஷ்டம் வரும்போது, ஆண்டவர் எனக்கு ஒண்ணுமே செய்யலைன்னு தோணுது. இனிமே இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும் எழுது. பதில் வர்ற அன்னைக்கு அதுக்கு நேரா வலது பக்கம் எழுது. பாதி பதிலா இருந்தாலும் எழுது, "இல்லை"ன்னு வந்த பதிலையும் எழுது. யோர்தானைக் கடந்ததும் யோசுவா 12 கல்லை எடுத்து நாட்டச் சொன்னது எதுக்கு? சாமுவேல் எபெனேசர்னு பேர் வச்சு ஒரு கல்லை நிறுத்தினது எதுக்கு? மனுஷ மனசு மறக்கும்னு அவங்களுக்குத் தெரியும், அதனாலதான்.

நோட்டு இல்லையா? டெய்லி காலண்டர் தாளைக் கிழிச்சதும் தூக்கிப் போடாம அதுக்குப் பின்னாடி ஒரு வரி எழுதி டப்பாவுல போட்டு வை. எழுதவும் முடியலைன்னா போன்ல உனக்கு நீயே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கோ.

5. தனி நேரம் தேடாதே

ராத்திரி ஒரு மணிக்கு மாத்திரை கொடுத்துட்டுப் படுக்கிறவ, விடியக்காலம் நாலு மணி ஜெபத்துக்குத் தீர்மானம் எடுக்காதே. மூணாம் நாள் முடியாது, அப்புறம் குற்ற உணர்ச்சியில எல்லாத்தையும் விட்டுடுவ. தினமும் எப்படியும் செய்யற வேலையோட நன்றியைச் சேர்த்துக்கோ.

- குக்கரை அடுப்புல வச்சதும் ஒண்ணு.
- மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது ஒண்ணு.
- ஓ.பி. டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணு. அந்த நேரத்துல போனை நோண்டாதே.
- சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஒண்ணு. இதை மட்டும் எந்த நாளும் விடாதே.

சாப்பாட்டு ஜெபத்தைச் சாதாரணமா நினைக்காதே. அஞ்சு அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு இயேசு நன்றி சொன்னப்போ, எதிர்ல ஐயாயிரம் பேர். பத்தாதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச நேரத்துல சொன்ன நன்றி அது. ஜெர்மனியில ஐலன்பர்க்னு ஒரு ஊர். 30 வருஷப் போர் நடந்த காலத்துல அங்கே போதகரா இருந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1637-ல கொள்ளைநோய் வந்து ஊரே செத்துக்கிட்டு இருந்துச்சு. ஆயிரக்கணக்கான பேரை அடக்கம் பண்ணினார், அதுல அவர் மனைவியும் ஒருத்தர். உலகம் முழுக்க இன்னைக்கும் சபைகள்ல பாடுற ஒரு நன்றிப் பாட்டு அவர் எழுதினது. வீட்டுல சாப்பாட்டு நேரத்துல சொல்றதுக்காக எழுதின ஜெபம்தான் அது. அப்படிப்பட்ட வீட்டுலயே சாப்பாட்டு ஜெபம் நிக்கலைன்னா, நம்ம வீட்டுலயும் நிக்க வேண்டாம்.

6. போனதுக்கு அழு, இருக்கிறதை எண்ணு

வேலூர் சி.எம்.சி.யில மேரி வர்கீஸ்னு ஒரு இளம் டாக்டர். 1954-ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து போச்சு. ஆனா கை ரெண்டும் நல்லா இருந்துச்சு. அங்கேயே வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் சொன்ன யோசனைப்படி, சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணக் கத்துக்கிட்டாங்க. அப்புறம் அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு மையம் திறந்ததுல அவங்க பங்கு பெருசு. கையை வச்சு என்ன செய்யலாம்னு பார்த்தாங்க பாரு, அதுவும் ஒரு ஸ்தோத்திரம்தான். வாரத்துக்கு ஒரு தடவை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, "என்கிட்ட இப்போ இன்னும் என்ன இருக்கு?"ன்னு கேட்டு அஞ்சு வரி எழுது. தையல் தெரியும், அம்மா உயிரோட இருக்காங்க, ரேஷன் கார்டு இருக்குன்னு எழுதினாலும் சரிதான். அதுல ஒண்ணை அந்த வாரம் உபயோகப்படுத்து.

7. அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் காட்டி நன்றி சொல்லாதே

"அவளுக்குப் பாவம் ரெண்டு கிட்னியும் போச்சு, நமக்கு அந்த அளவுக்கு இல்லை, ஸ்தோத்திரம்"னு சொல்ற பழக்கத்தை இன்னைக்கே விடு. லூக்கா 18-ல பரிசேயன் பண்ணினதும் நன்றி ஜெபம்தான். நான் அவனைப் போல இல்லையேன்னு ஆயக்காரனைக் காட்டி நன்றி சொன்னான். அந்த ஜெபம் எடுபடலை. அவளுக்காக ஜெபி, உனக்குக் கிடைச்சதுக்குத் தனியா நன்றி சொல்லு. ரெண்டையும் கலக்காதே.

8. கடன் வாங்கிக் காணிக்கை போடாதே

"இதைச் செஞ்சு கொடும், நான் அதைச் செய்றேன்"னு ஆண்டவர்கிட்டே பேரம் பேசாதே. ஊரைக் கூட்டி ஸ்தோத்திரக் கூட்டம், பிரியாணின்னு வட்டிக்கு வாங்கிச் செலவும் பண்ணாதே. ஒருத்தனுக்கு இல்லாததை இல்லை, இருக்கிறதைப் பார்த்துத்தான் காணிக்கை அங்கீகரிக்கப்படும்னு பவுல் 2 கொரிந்தியர் 8-ல தெளிவா சொல்றார். உலையில போடுற அரிசியில ஒரு பிடி எடுத்துத் தனியா வச்சுக் காணிக்கையா கொடுத்த அம்மாக்கள் நம்ம சபைகள்ல இருந்தாங்க. அந்தப் பிடியரிசி போதும். பணம் அனுப்பினா வியாதி போகும்னு யார் போன் பண்ணினாலும் உடனே கட் பண்ணிடு.

9. மனுஷங்களுக்கும் நன்றி சொல்லு

பத்துக் குஷ்டரோகிகள் சுகமானாங்க, திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒரு சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கேன்னு இயேசு கேட்டார். அவர் அதையெல்லாம் கவனிக்கிறார்னு இதுல தெரியுதா? பவுல் காவல்ல இருந்தப்போ பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில உதவி கொடுத்து அனுப்பினாங்க. அதுக்கு அவர் நன்றி எழுதின கடிதம்தான் பிலிப்பியர் நிருபம். நீயும் பெட்ஷீட் மாத்தின ஆயாம்மாவுக்கும், பிள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வாய் திறந்து சொல்லு. "தேங்க்ஸ்"னு மொட்டையா சொல்லாம, அவங்க என்ன செஞ்சாங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லு. "நீங்க அன்னைக்கு ரத்தம் கொடுக்க ஆள் பிடிச்சுக் கொடுத்ததாலதான்க்கா ஆபரேஷன் தள்ளிப்போகலை"ன்னு சொன்னா அவங்களுக்கும் தெம்பு.

10. துக்க வீட்டுல உபதேசம் பண்ணாதே

நன்றி சொல்றதை உனக்கு நீயே சொல்லிக்கோ, அழறவகிட்டே போய்ச் சொல்லாதே. யோபுவோட சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில அவரோட சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயைத் திறந்தப்புறம்தான் கெட்டுப்போச்சு. எல்லாம் நன்மைக்கேன்னு வசனம் சொல்றதுக்குப் பதிலா ஒரு ஃபிளாஸ்க் காபி கொண்டு போ. பாத்திரம் கழுவிக் கொடு. கரண்ட் பில் கடைசித் தேதி என்னைக்குன்னு பார்த்துக் கட்டிடு.

குடும்ப ஜெபத்துல பிள்ளைங்ககிட்டேயும் இதே நிதானம் வேணும். "ஸ்தோத்திரம் சொல்லு"ன்னு அதட்டாதே. "இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு, எது கஷ்டமா இருந்துச்சு?"ன்னு ரெண்டையும் கேளு. ஒண்ணை மட்டும் கேட்டா, கஷ்டத்தை மறைக்கக் கத்துக்கும்ங்க.

11. உடம்பையும் மனசையும் கவனி

எலியா சூரைச்செடிக்குக் கீழே படுத்து, சாகணும்னு கேட்டார். தூதன் வந்து திட்டலை, பிரசங்கமும் பண்ணலை. எழுப்பி அடையும் தண்ணியும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான், திரும்பவும் சாப்பிடச் சொன்னான். ஆண்டவரோட சிகிச்சை முறை அது. ரெண்டு வாரமா தூக்கம் இல்லை, பசி இல்லை, வாழவே பிடிக்கலைன்னா டாக்டர்கிட்டே போ. அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம். வீட்டுல அடி வாங்கிக்கிட்டு, அதுக்கும் ஸ்தோத்திரம்னு பொறுத்துப் போறியா? அது விசுவாசம் இல்லை. 181-க்கு போன் பண்ணு. உதவி கேட்கிறது அவிசுவாசம்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதே.

12. நன்றி வராத நாளும் வரும், பயப்படாதே

88-ம் சங்கீதம் இருட்டுல ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது. கடைசி வரைக்கும் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் வேதாகமத்துல வச்சிருக்கார் ஆண்டவர். அதனால உன் வாய் அடைச்சுப்போன நாள்ல உன்னைத் தள்ளிட மாட்டார். அந்த வாரம் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சுல சும்மா உட்காரு. சபை உனக்காகப் பாடட்டும், பூசையில மத்தவங்க உனக்காகப் பதில் சொல்லட்டும். யாராவது "என்ன, பாடவே மாட்டேங்கிற?"ன்னு கேட்டா, "இன்னைக்கு எனக்காக நீங்க பாடுங்க"ன்னு சொல்லிடு.

பன்னிரண்டையும் நாளைக்கே ஆரம்பிக்காதே, எதுவும் நிலைக்காது. முதல் வாரம் அஞ்சாவது மட்டும் போதும். சாப்பிட உட்காரும்போது அன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு நன்றி சொல்லு. ரெண்டாவது வாரம் நோட்டுல கோடு போடு. கஷ்டம் சீக்கிரம் போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அது என் கையில இல்லை. ஆனா ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டோட வலது பக்கத்தை வாசிச்சா, இவ்வளவு நாளும் நீ தனியா இதைச் சுமக்கலைங்கிறது உனக்கே தெரியும். சரி, எழுந்திரு, முதல்ல ஏதாவது சாப்பிடு. தட்டு முன்னாடி உட்கார்ந்து, இன்னைக்கான ஒண்ணைச் சொல்லிட்டுச் சாப்பிடு.