பழைய மொரிஸ் பிக்கப்புக்கு மின்விசிறி: கேள்வி – பதில்

கேள்வி: 1098 சிசி இஞ்சின் உள்ள 1960களின் மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று பேசாலைக் கரையில் மீன் ஏற்றி மன்னார் நகருக்குப் போய்வருகிறது. றோட்டில் ஓடும்போது தொல்லை இல்லை. கரையிலும் சந்தையிலும் இஞ்சினை நிறுத்தாமல் நிற்கும்போது தண்ணீர் கொதிக்கிறது. பெல்ட்டில் சுற்றும் விசிறியைக் கழற்றி மின்விசிறி பூட்டினால் தீருமா? (வாசகர், பேசாலை)

பதில்: ஓடும்போது ஆறி, நிற்கும்போது கொதிக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் காற்றுத்தான் குறை. மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் வண்டியின் ரேடியேற்றருக்கு எதிர்க்காற்றே போதும். அந்த வேகத்தில் விசிறி வெறும் சுமை. மணலில் முதலாம் கியரில் ஊரும்போதும், ஆவணி மடுத் திருவிழா நாட்களில் மடு வீதியில் வரிசையாக நகரும்போதும்தான் விசிறி தேவை. பெல்ட் விசிறியோ இஞ்சினின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. இஞ்சின் மெதுவாகச் சுற்றுகையில் காற்றைக் குறைவாகத் தருகிறது. தேவையில்லாத வேகத்தில் வலுவை விழுங்குகிறது. சுற்றுவேகம் இரட்டித்தால் விசிறி கேட்கும் வலு எட்டு மடங்காகும். 48 குதிரைவலு மட்டுமே உள்ள இஞ்சினுக்கு அது சிறிய இழப்பன்று. மின்விசிறி இந்த இரண்டு குறைகளையும் நீக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ரேடியேற்றர் இங்கிலாந்தின் குளிருக்காக அளவெடுக்கப்பட்டது. தண்ணீர் 85 பாகையிலும் வெளிக்காற்று 15 பாகையிலும் இருந்தால் இடைவெளி 70 பாகை. மன்னாரின் 33 பாகை வெயிலில் அதே இடைவெளி 52 பாகையாகச் சுருங்குகிறது. வெப்பம் வெளியேறுவது இந்த இடைவெளியைப் பொறுத்தது என்பதால், புத்தம்புது ரேடியேற்றரே இங்கு கால் பங்கு ஆற்றலை இழந்துவிடுகிறது. சிலாவத்துறைப் பக்கமிருந்து வடக்கே வரும் வண்டிக்குச் சோளகக் காற்றும் பின்னாலிருந்து அடிக்கும். மெதுவாக ஓடினால் முன்கிறில்லுக்குள் காற்றே நுழையாது.

ஆனாலும் மின்விசிறி வாங்குமுன் பார்க்கவேண்டியவை சில உள்ளன. முதலாவது தண்ணீர். மன்னார்த் தீவின் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேற்றரின் குழாய்களில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி அடைபட்டிருக்கும். இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றரின் முகப்பில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு. (கையால் தொட்டுப் பார்ப்பதாயின் இஞ்சினை நிறுத்திவிட்டே தொடவேண்டும்.) அடைபட்ட ரேடியேற்றரை எந்த விசிறியும் காப்பாற்றாது. மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் கழற்றி, குழாய்களைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கும் வேலை பழைய செம்பு–பித்தளை ரேடியேற்றர்களில் சாத்தியம். அதன்பின் காய்ச்சி வடித்த தண்ணீரோ சுத்தமாகச் சேமித்த மழைத்தண்ணீரோ கூலண்ட் கலந்து ஊற்றவேண்டும்.

இரண்டாவது, தீப்பொறி நேரம். அது பிந்தினால் நிற்கும் இஞ்சின் தேவைக்கு மேல் சூடாகும். சரிசெய்யச் செலவே இல்லை. மூன்றாவது, ரேடியேற்றர் மூடி. 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் நல்ல மூடி தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்தும். ரப்பர் தேய்ந்த மூடியில் 100 பாகையிலேயே கொதிக்கும். கூடுதல் பாதுகாப்பென்று நினைத்து 13, 15 பிஎஸ்ஐ மூடி போடுவது தவறு; பழைய ஈயப்பற்று பிளந்துவிடும். தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவதும் இங்கு வழக்கம், அதுவும் நல்லதல்ல. வெப்பநாடுகளுக்கென 74 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டற் இந்த இஞ்சினுக்கு உண்டு.

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது வடக்கின் பழைய பிரித்தானியக் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்தைக் கடந்த இஞ்சினென்றால் ஹெட் கஸ்கெட்டையும் சிலிண்டர் அழுத்தத்தையும் பார்ப்பது கட்டாயம். கஸ்கெட் கசிந்து எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தாலும் அறிகுறி கொதிப்புத்தான். மொரிஸ் மைனரில் வெப்பமானி கிடையாது. அதை முதலில் பூட்டினால் மேலே சொன்னவற்றில் எது பலன் தந்தது என்று கண்ணாலேயே தெரியும். பலருக்கு வேலை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மின்விசிறி. அதன் உண்மையான விலை விசிறியில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. இந்த வண்டியின் லூக்காஸ் டைனமோ மிகக்கூடியது 22 அம்பியர் தரும். பெரிய விளக்குகளுக்கு 8, சிறிய விளக்குகளுக்கு 2, தீப்பொறிக்கு 3 அல்லது 4, வைப்பருக்கு 2 அல்லது 3 அம்பியர் போனால் மிஞ்சுவது சொற்பம். பத்து அங்குல மின்விசிறி 7 முதல் 10 அம்பியர் கேட்கும். அதைவிட முக்கியமானது, இஞ்சின் ஐட்லில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது என்பது. மின்விசிறி ஓடவேண்டிய நேரமும் அதுவே. ஆகவே கரையில் அரைமணி நேரம் நின்று மீன் ஏற்றும் வண்டியில் டைனமோவை வைத்துக்கொண்டு மின்விசிறி பூட்டினால், கொதிப்பு நின்று பற்றரி சாகும். ஆல்டர்னேற்றர் முதலில், மின்விசிறி அதன்பின்: இந்த வரிசையை மாற்றக்கூடாது. 34 அம்பியர் தரும் லூக்காஸ் 16ஏசிஆர் போதுமானது. சிறிய ஜப்பானியக் கார்களின் ஆல்டர்னேற்றரும் தாங்கியை மாற்றினால் பொருந்தும்.

ஆல்டர்னேற்றர் போடும்போது ஏர்த்தும் மாறும். மைனர் கடைசிவரை பொசிட்டிவ் ஏர்த்திலேயே வந்த வண்டி. பற்றரியை மாற்றித் திருப்பிவைத்து, கொயிலின் இரண்டு வயர்களையும் இடம்மாற்றி, பழைய கொன்ட்ரோல் பெட்டியைச் சுற்றிலிருந்து விலக்கவேண்டும். இதைச் செய்யாமல் ஆல்டர்னேற்றரை இணைத்தால் அதன் டையோட்கள் நொடியில் எரிந்துபோகும்.

விசிறி ரேடியேற்றருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கலாம், முன்னால் இருந்து தள்ளலாம். இழுப்பதே திறமையானது, ஆனால் மைனரில் தண்ணீர்ப் பம்புக்கும் ரேடியேற்றருக்கும் நடுவே இடம் குறைவு. எனவே தள்ளும் வகையை முன்கிறில்லுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் பூட்டுவதே நடைமுறை. விசிறியை இரும்புப் பட்டையில் பொருத்தி, அந்தப் பட்டையை ரேடியேற்றரின் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். மெல்லிய தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் நாடாவைச் செருகிக் கட்டும் மலிவு முறை, அதிர்வில் குழாய்களைத் தேய்த்து ஒழுக வைத்துவிடும். திசையைச் சோதிக்க ஒரு தாளை முன்கிறில்லில் பிடித்தால் போதும்: தாள் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் மோட்டோரின் வயர்கள் மாறியிருக்கின்றன.

பழைய விசிறியின் தகடுகளைக் கழற்றினாலும் பெல்ட் இருக்கவேண்டும். தண்ணீர்ப் பம்ப்பைச் சுற்றுவது அதுவே. தகடுகளையும் கப்பியையும் பிடிப்பவை ஒரே நான்கு போல்ட்கள். தகடுகள் போனபின் அந்தத் தடிப்புக்கு வாஷர் வைக்காமல் இறுக்கினால் போல்ட்டின் முனை உள்ளே நீண்டு பம்ப்பின் உடலில் உரசும்.

விசிறிக்கான மின்சாரத்தை சுவிச் வழியாக எடுக்கக்கூடாது. பற்றரியிலிருந்து 20 அம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், 30 அம்பியர் ரிலே, பிறகு மோட்டோர் என்று போகவேண்டும். மோட்டோர் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் பியூஸ் சிறிதாக இருக்கக்கூடாது. ரிலேயை இயக்கும் வெப்ப சுவிச் 92 பாகையில் இணைந்து 87 பாகையில் விடுபடுவது பொருத்தம். மேல்குழாயை வெட்டி நடுவே பூட்டும் உலோகத் துண்டில் அதை வைப்பது நல்லது. ரப்பர்க் குழாயின் ஓரத்தால் நுழைக்கும் வகை ஒழுகும். கையால் இயக்க ஒரு சுவிச்சும், விசிறி ஓடுவதைக் காட்ட ஒரு சிறு விளக்கும் டாஷ்போட்டில் இருக்கவேண்டும். விசிறி நின்றுபோனால் சாரதிக்கு வேறு எச்சரிக்கை இல்லை.

இவ்வளவும் செய்தபின் மன்னாரில் எஞ்சும் எதிரி உப்பு. ஐஸ் உருகி வழியும் மீன்தண்ணீரும் தள்ளாடித் தாம்போதியில் அடிக்கும் கடற்காற்றும் ரிலேயின் முனைகளையும் ஏர்த் இணைப்பையும் அரிக்கும். பச்சை படிந்த ஏர்த் முனையால்தான் பெரும்பாலான மின்விசிறிகள் நிற்கின்றன, மோட்டோர் எரிந்து அல்ல. ரிலேயை முனைகள் கீழ்நோக்க உயரத்தில் பொருத்தி, இணைப்புகளுக்குக் கிரீஸ் பூசி, ரேடியேற்றரை நல்ல தண்ணீரால் உள்ளிருந்து வெளியாக மெதுவாகக் கழுவுவது வாராந்த வேலையாகவேண்டும்.

கரையிலும் சந்தையிலும் நிற்கும் இந்த வண்டிக்கு ஆல்டர்னேற்றரோடு மின்விசிறி தகுந்த செலவு. மதவாச்சி வீதியில் ஓடுவதே முதன்மை வேலையான வண்டிக்குத் தேவையில்லை. கழற்றிய தகடுகளையும் போல்ட்களையும் பெட்டியில் வைத்திருக்கவேண்டும்; வழியில் மோட்டோர் நின்றால் வண்டியை வீடுசேர்ப்பவை அவை.

கேள்வி: 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்புக்கும் இதே மாற்றத்தைச் செய்யலாமா? (வாசகர், வங்காலை)

பதில்: செய்யாமல் இருப்பதே நல்லது. அதன் விசிறி சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கப்ளிங் வழியாகச் சுற்றுகிறது. சூடு ஏறினால் பிடித்துச் சுற்றும், குறைந்தால் நழுவும். மின்விசிறி தரும் பயனில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. பாரம் ஏற்றும் டீசலுக்கு அது தள்ளும் அளவு காற்றைச் சிறிய மின்விசிறி தராது. இஞ்சினைச் சூடான நிலையில் நிறுத்தி, விசிறியைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரியவேண்டும். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினாலோ, கப்ளிங்கின் நடுவில் எண்ணெய்க் கறை இருந்தாலோ கப்ளிங் பழுது. 2020 மார்ச் முதல் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கியிருந்ததால் இந்தப் பிக்கப்புகளுக்கு ஓய்வே இருக்கவில்லை. பலவற்றில் கப்ளிங் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. அதை மாற்றுவதே இதற்கான வேலை.