வகுக்க மறந்த நேரம்

நம்பிக்கை: வேகம் அதிகமென்றால் முடுக்கமும் அதிகம்.

உண்மை: மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் நேராக, சீராகப் பறக்கும் விமானத்தில் டம்ளர் தண்ணீர் தளும்புவதில்லை. முடுக்கம் சுழி. நிறுத்தத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸிலோ, கம்பியைப் பிடிக்காதவர் பின்னால் சாய்கிறார்; பஸ் அப்போது சைக்கிள் வேகத்தைக்கூட எட்டியிருக்காது. உடம்புக்குத் தெரிவது வேகமல்ல, வேகம் மாறுவதுதான்; அந்த மாற்றத்தின் வீதமே முடுக்கம்.

நம்பிக்கை: முடுக்கம் காண, கடைசி வேகத்தை நேரத்தால் வகுத்தால் போதும்.

உண்மை: நின்ற நிலையிலிருந்து கிளம்பினால் மட்டுமே அது சரி. விடைத்தாள்களில் நான் அதிகம் சுழித்த பிழை இது. மணிக்கு 36 கி.மீ.யில் போகும் பைக் 5 விநாடியில் 72-ஐ எட்டுகிறது என்று வையுங்கள். முதலில் 3.6-ஆல் வகுத்து விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும்: 10, 20. இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் 10. அதை 5-ஆல் வகுத்தால் 2 மீ/வி². ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 2 மீ/வி ஏறுகிறது என்று பொருள். கழிக்காமல் வகுத்தவருக்கு 4 வரும். சரியாக இரு மடங்கு தப்பு.

நம்பிக்கை: மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் இல்லை.

உண்மை: அங்கே சுழியாவது திசைவேகம் மட்டும். முடுக்கம் கீழ்நோக்கி அதே 9.8 மீ/வி². அதுவும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும்.

நம்பிக்கை: ஆளைக் கொல்வது வேகம்.

உண்மை: வேகம் கூடினால் ஆபத்தும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அடி விழுவது நிற்கும்போது. 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்சிகோவின் ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், ஜான் ஸ்டாப் என்ற ராணுவ மருத்துவர் ராக்கெட் பூட்டிய வண்டியில் பட்டைகளால் இறுகக் கட்டப்பட்டு உட்கார்ந்தார். தண்டவாளத்தில் மணிக்குச் சுமார் 1,017 கி.மீ. வேகத்தை எட்டிய வண்டி 1.4 விநாடியில் நின்றது.

கணக்குப் போடுவோம். 1,017-ஐ 3.6-ஆல் வகுத்தால் சுமார் 282 மீ/வி. அதை 1.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 200 மீ/வி², ஓட்டத்துக்கு எதிர்த்திசையில். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20 மடங்கு. பதிவான உச்சமோ 46 மடங்கு! முரண்பாடில்லை, நம் வகுத்தல் தருவது சராசரி, நடுவில் ஒரு கணம் பிடி அதைவிட இறுகியிருக்கிறது. அவருடைய கண்ணின் ரத்தக்குழாய்கள் வெடித்துப் பார்வை மறைந்தது, பிறகு திரும்பியது. அந்த மனிதர் 1999 வரை வாழ்ந்தார், கார்களில் இருக்கைப் பட்டை வேண்டுமென்று ஓயாமல் வாதாடினார்.

ஹெல்மெட்டும் அதே வகுத்தல்தான். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும் தலை 0.002 விநாடியில் நின்றால் 3,000 மீ/வி², 0.006 விநாடி எடுத்துக்கொண்டால் 1,000. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்குவது அந்த நேரத்தை நீட்டத்தான்; ஒருமுறை நசுங்கியது மறுபடி அப்படி நீட்டித் தராது. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்வதும் அதனால்தான்.