பனிக்காட்டில் பறவைக் கணக்கு

ஐரோப்பாவின் வடபால் அமைந்த பின்லாந்து நாட்டின் பெரும்பகுதி ஊசியிலைக் காடாகும். மார்கழியில் அந்நாட்டின் தென்பகுதியிலேயே பகற்பொழுது சுமார் 6 மணி நேரந்தான். அதற்கு முன்னரே பெரும்பாலான பறவைகள் தெற்கு நோக்கிச் சென்றுவிடும். எஞ்சி நிற்பவை எத்தனை? இதனை அறியும்பொருட்டு 1956ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடைபெறுகிறது.

முறை மிக எளியது. ஆர்வலர் ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட சுமார் 10 கிலோமீட்டர் வழியே சென்று, கண்ணாற் கண்ட பறவைகளையும் குரலால் அறிந்தவற்றையும் குறித்துக்கொள்வார். நவம்பர்த் தொடக்கம், கிறிஸ்துமஸை அடுத்த நாட்கள், பிப்ரவரி இறுதி என மும்முறை இது நிகழும். வழியை மாற்றலாகாது, மாற்றின் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதெங்ஙனம்? பறவையே காணாத தொலைவும் உண்டு. அதனையும் எழுதத்தான் வேண்டும்.

இக்கணக்கு காட்டும் மாறுதல்களுள் வில்லோ டிட் என்னும் பறவையின் நிலை வருந்தத்தக்கது. அது பட்டாணிக் குருவியின் இனம். எடை சுமார் 11 கிராம். குளிர் வருமுன் ஆயிரக்கணக்கான விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துவைக்கும். நீண்ட இரவில் உடற்சூட்டைத் தணித்து, கொழுப்பைச் சிக்கனமாய்ச் செலவிடும். இத்துணைத் திறம் வாய்ந்தும் அது குறைந்துகொண்டே வந்து, 2019இல் அந்நாட்டின் அழிவுறும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உளுத்த மரத்தைத் தானே குடைந்து கூடமைப்பது அதன் இயல்பு. முதிர்ந்த காட்டை வெட்டிப் பட்டமரங்களையும் அகற்றிவிட்டால் அது எங்கே குஞ்சு பொரிக்கும்? ஊர்ப்புறத்தில் மக்கள் இடும் தீனியை உண்ணும் நீலப் பட்டாணிக் குருவியோ பெருகி வருகிறது.