கப்பல் ஏறும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோய்லோ, கப்பல்காரர்களின் ஊர் என்று பெயர் பெற்றது. கடற்படிப்புக் கல்லூரிகள் அங்கே தலைமுறை தலைமுறையாக இளைஞர்களைக் கப்பலுக்கு அனுப்பிவருகின்றன. ஒரு காண்டிராக்ட் முடிந்து வீடு திரும்பியவர், இரண்டு மூன்று மாதம் கழித்து அடுத்த கப்பலுக்குக் கிளம்புவார். பெட்டி கட்ட ஒரு நாள் போதும். அவர் இல்லாத ஒன்பது மாதத்துக்கு வீட்டைத் தயார் செய்ய ஒரு மாதமாவது வேண்டும். புதுக் கப்பலில் சேரப்போகும் பிலிப்பினோ மாலுமிக்கும் அவர் வீட்டாருக்குமான குறிப்புகள் இவை. தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போகிறவர் வீட்டிலும் இவற்றில் பல பயன்படும்.

1. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று, விசா ஆகிய எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் ஒரே தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கப்பலேறும் நாளோடு ஒன்பது மாதத்தைக் கூட்டி, அதற்கு மேல் இன்னும் மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள். மாற்று ஆள் வரத் தாமதமானால் காண்டிராக்ட் நீளும். அந்தத் தேதிக்குள் எது காலாவதி ஆகிறதோ அதை இப்போதே புதுப்பியுங்கள். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் செல்லும்.

2. அசல் ஆவணங்கள் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தில் போடும் பெட்டிக்குள் ஒன்றுகூடப் போகக் கூடாது. ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் பெட்டியில், படம் எடுத்தது போனில்.

3. ஏஜென்சி அனுப்பும் மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே சாப்பாட்டை மாற்றத் தொடங்குங்கள். விடுமுறையில் வீட்டில் தங்கிய நாட்களில் உப்புக் கருவாடும் பன்றிக் கொழுப்பும் பியரும் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போயிருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பழைய நோய் இருந்தால் மறைக்காதீர்கள். தெரிந்தே மறைத்தது பின்னால் தெரியவந்தால், கப்பலில் உடம்புக்கு முடியாமல் போகும்போது கிடைக்க வேண்டிய இழப்பீடு கிடைக்காது என்று பிலிப்பைன்ஸ் அரசின் மாதிரி ஒப்பந்தமே சொல்கிறது. ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் கரையிலேயே பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் பல்வலி வந்தால் அடுத்த துறைமுகம் வரை மாத்திரைதான். கண்ணாடி போடுகிறவர் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கப்பல் மேற்கு ஆப்பிரிக்கா, பிரேசில் பக்கம் போகக்கூடும் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் பழைய அட்டை இருந்தால் அதுவே போதும். பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

5. வேலைக்காக ஏஜென்சிக்கு ஒரு பெசோகூடக் கொடுக்காதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, மாலுமியின் கையிலிருந்து வாங்கக்கூடியது பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், சட்டம் கேட்கும் மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. மணிலாவில் லுனேட்டா பூங்கா ஓரம், கலாவ் சாலையில் ஆள் எடுக்கும் பலகைகளோடு பலர் நிற்பார்கள். அவர்களில் உண்மையானவரும் உண்டு, ஏமாற்றுகிறவரும் உண்டு. முன்பணம் கேட்டாலோ, பாஸ்போர்ட்டை நடைபாதையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எந்த ஏஜென்சிக்கு உரிமம் உண்டு என்பதைப் புலம்பெயர் தொழிலாளர் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டு வேலை விவகாரங்களுக்கென்றே 2021 டிசம்பரில் சட்டம் போட்டு உருவாக்கிய துறை அது.

6. கப்பலின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள், அதன் ஐ.எம்.ஓ. எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கம். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். அந்த எண் மாறாது. ஈக்வாசிஸ் என்ற இலவச இணையதளத்தில் அதைப் போட்டால் கப்பலின் வயது, பழைய பெயர்கள், எந்தத் துறைமுகத்தில் குறை கண்டு நிறுத்திவைத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். அடிக்கடி நிறுத்தப்பட்ட கப்பல் என்றால் சம்பளம் ஐம்பது டாலர் கூடுதலாக இருந்தாலும் வேண்டாம்.

அதோடு, எந்த வழியாகப் போகும் கப்பல் என்றும் கேளுங்கள். 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலை ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்தபோது அதிலிருந்த 25 பேரில் 17 பேர் பிலிப்பினோக்கள். 2025 ஜனவரியில்தான் அவர்கள் விடுதலையானார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் அந்தப் பதினேழு வீடுகளும் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. போர் அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குப் போக மாட்டேன் என்று மறுக்கும் உரிமை பிலிப்பினோ மாலுமிக்கு உண்டு. மறுப்பதா, போவதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கப்பலில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் நேரம் அதை யோசிப்பதற்கான நேரம் அல்ல.

7. இப்போது பணம். அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 சதவீதம் மாதாமாதம் வீட்டுக்கு வர வேண்டும் என்பது பிலிப்பைன்ஸ் விதி. சர்வதேச அளவில் ஏபிள் சீமேன் என்னும் தேர்ச்சி பெற்ற மாலுமிக்குப் பேசி முடித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 690 டாலர். அதில் 80 சதவீதம் என்றால் 552 டாலர். ஓவர்டைம், விடுப்புச் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். ஆக, வீட்டுக்கு நிச்சயமாக வரும் தொகை வேறு, ஒப்பந்தத்தில் பெரிதாகத் தெரியும் மொத்தத் தொகை வேறு. வீட்டுச் செலவை முதல் தொகைக்குள்தான் திட்டமிட வேண்டும்.

முதல் மாதப் பணம் உடனே வந்துவிடாது. மாதம் முடிந்து, கணக்குப் போட்டு, வங்கி வழியாக வரும். அதுவரை தாக்குப்பிடிக்க இரண்டு மாத அரிசி, கரண்ட் பில், பள்ளிக் கட்டணத்துக்கான பணத்தைக் கிளம்பும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். இதைச் செய்யாத வீட்டில்தான் கப்பல் கிளம்பிய மூன்றாவது வாரமே வட்டிக்கு வாங்கும் பழக்கம் தொடங்குகிறது. பிறகு அவர் கடலில் உழைப்பது வட்டிக்காரருக்காக என்று ஆகிவிடும்.

பணம் யார் பெயருக்கு வரும், மனைவிக்கா அம்மாவுக்கா என்பதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மாதம் இவ்வளவு என்று எல்லார் முன்பும் தொகையைச் சொல்லிவிட்டால் பிறகு மனஸ்தாபத்துக்கு இடமில்லை. யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதும் ஒரு தாளில் இருக்கட்டும். மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு பாக்-இபிக் நிதியின் எம்பி2 சேமிப்பு இருக்கிறது. 500 பெசோவிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டில் முதிரும்.

8. வங்கி, நிலம், பள்ளி விஷயங்களில் மனைவி கையெழுத்துப் போட நோட்டரி முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். எந்தெந்த வேலைக்கு என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும்.

9. கிளம்புவதற்கு முந்தைய வாரம், வழக்கமாக நீங்கள் செய்யும் வேலை எதையும் செய்யாதீர்கள். கேஸ் சிலிண்டர் மாற்றுவது, தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பது, மெயின் ஸ்விட்சை அணைப்பது, பில் கட்டுவது எல்லாவற்றையும் மனைவியோ மூத்த பிள்ளையோ செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

10. பிலிப்பைன்ஸில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். நீங்கள் இல்லாத மாதங்கள் அதில் விழுமானால், கூரைத் தகடுகளின் ஆணிகளை இப்போதே ஏறிப் பாருங்கள். வீட்டுப் பத்திரங்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று அந்த வீட்டாரிடமே பேசி வைத்துவிடுங்கள்.

11. சின்னக் குழந்தைக்கு ஒன்பது மாதம் என்றால் புரியாது. 'உன் பிறந்தநாள் வரும், அப்புறம் கிறிஸ்துமஸ் வரும், அப்புறம் அப்பா வருவேன்' என்றால் புரியும். பிறந்தநாள் பரிசை முன்பே வாங்கி ஒளித்துவைத்துவிட்டுப் போகலாம்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கப்பலில் பெரும்பாலும் நான்கு மணி நேரக் காவல் முறை. காவலுக்குப் போகும் முன் வரும் அழுகைச் செய்தி ஆளையே நிலைகுலைக்கும். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அது ஆபத்தும்கூட. காவல் முடியும் நேரத்தை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு அழைக்கச் சொல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம், நேரம் பார்த்துச் சொன்னால் போதும்.

12. பாய்லர் சூட்டும் பாதுகாப்புக் காலணியும் கம்பெனி தரும். உங்கள் அளவை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடையைத் தர வேண்டும் என்பது 2024 டிசம்பர் 23 முதல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. உள்ளே போட பருத்தி பனியன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் கலந்த துணி தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் ராட்டர்டாமில் சேரப்போகிறவர் கனமான ஜாக்கெட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தாமதமாக வந்தாலும் குளிர் காத்திருக்காது.

13. பிலிப்பைன்ஸ் சார்ஜரின் பிளக் தட்டையானது. பல கப்பல்களில் சாக்கெட் உருண்டை முனைக்கானது. நல்ல அடாப்டர் இரண்டு வாங்குங்கள். கேபினுக்குள் சோறு வடிக்கும் குக்கர், கம்பி ஹீட்டர் போன்றவை வேண்டவே வேண்டாம். கப்பலில் தீக்கு இணையான ஆபத்து குறைவு.

14. சினிகாங் புளிப்பொடி, கருவாடு, பாகோங் என்னும் புளிக்கவைத்த இறால் விழுது இல்லாமல் பிலிப்பினோவின் பெட்டி மூடாது. விழுதை பாட்டிலோடு இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இறங்கிக் கப்பலேறுவதாக இருந்தால் லோங்கனீசா போன்ற இறைச்சி எதையும் எடுக்காதீர்கள். மற்ற உணவுப் பொருட்களையும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

15. மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள். சளிக்குப் போடும் சூடோஎபெட்ரின் அளவு மீறினால் ஜப்பானில் குற்றம். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாது. கடல் ஒத்துக்கொள்ளாதவர் மெக்லிசின் மாத்திரையை அலை தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

16. துறைமுக ஏஜென்ட், கம்பெனி, வீடு மூன்றின் எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோவது அந்நிய விமான நிலையத்தில்தான்.

17. கப்பலில் கால் வைத்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: அபாய மணி அடித்தால் நீங்கள் நிற்க வேண்டிய இடம், உங்கள் உயிர்காப்பு உடை இருக்கும் இடம், கேபினிலிருந்து விளக்கில்லாமல் வெளியேறும் வழி. அந்த வழியை ஒருமுறை கண்ணை மூடி, கையால் தடவி நடந்து பாருங்கள்.

18. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியாவும் 2015-இல் இந்த உடன்படிக்கையை ஏற்றதால் நம் மாலுமிகளுக்கும் இதே கணக்குதான். சில கப்பல்களில் ஓய்வுப் பதிவேட்டை அழகாக நிரப்பி மாதக் கடைசியில் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். உண்மையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று தினமும் இரண்டு வரி உங்கள் கையால் எழுதுங்கள். ஓவர்டைம் கணக்கும் அதிலேயே இருக்கட்டும். பதிவேட்டின் நகல் ஒன்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டோடு சேர்த்து அதே நோட்டில் வையுங்கள்.