மாய நாவலுக்கு ஏற்ற கதைக்கட்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

வைரமும் கிராபைட்டும் கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களுடன் பிணைந்துள்ளது. கிராபைட்டில் மூன்றுடன் மட்டும் பிணைந்து அடுக்கடுக்காய் அமைகிறது. அதனால் ஒன்று கண்ணாடியை அறுக்கிறது. மற்றொன்று பென்சிலில் இருந்து எழுதுகிறது. கதைக்கும் இது பொருந்தும். அரசன், அரக்கன், காடு, மந்திரவாள் ஆகியவை மாயக்கதைகளுக்குப் பொதுவானவை. அவற்றைப் பிணைக்கும் முறையே வேறுபடுகிறது. மாய நாவல் ஒன்று எழுத விரும்பும் நான், அதற்குரிய கட்டைத் தேடிக் கற்றவற்றை இங்குக் கூறுகிறேன்.

பொதுக்கட்டு

ருசிய அறிஞர் விளாதிமிர் பிராப், 1928-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ நூறு மாயக்கதைகளை ஆராய்ந்து 31 செயற்கூறுகளைக் கண்டார். எல்லாக் கதைகளிலும் எல்லாக் கூறுகளும் வருவதில்லை; ஆயினும் வருபவை ஒரே வரிசையில் வரும் என்றார். அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல், 1949-இல், புறப்பாடு, சோதனை, மீட்சி என மூன்றாகப் பகுத்தார். உப்பைப் பகுத்தறிவது வேறு, உப்பை ஆக்குவது வேறு. பட்டியலை நிரப்புவதால் நாவல் பிறவாது.

மூன்று கட்டுகள்

முதலாவது, போய்த் திரும்பும் கதை. டோல்கீனின் 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) நாவலில், ஃபுரோடோ ஒரு பொருளைப் பெறுவதற்குச் செல்லவில்லை. கையிலுள்ள மோதிரத்தை அழிக்கச் செல்கிறான். ஊர் பிழைத்தது. ஆனால் திரும்பியவனால் அங்கு மனம் ஒன்றி வாழ இயலவில்லை. கடல் கடந்து போய்விடுகிறான்.

இரண்டாவது, துரத்தும் கதை. உர்சுலா லெ குவினின் 'எ விசர்டு ஆஃப் எர்த்சீ' (1968) நாவலில், கெட் என்பவன் தன் செருக்கால் ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான். முதலில் அஞ்சி ஓடுகிறான். பின்னர் குருவின் சொற்கேட்டு அதனையே துரத்துகிறான். இறுதியில் தன் பெயராலேயே அதை அழைக்கிறான். பகை உள்ளிருப்பதால் பெரும்போர் தேவைப்படவில்லை.

மூன்றாவது, கதைக்குள் கதை. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் உள்ள வேதாளக் கதைகளே சான்று. விடை தெரிந்தும் மன்னன் பேசாவிடில் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மீண்டும் மரமேறும். இந்த ஒரே விதி அத்தனை கதைகளையும் கோத்துவிடுகிறது. அறிவுடையவனே அகப்படும் பொறி அது!

என் தேர்வு

என் கதையில், ஏரிக்கரைக் காவல்தெய்வம் மறந்துபோன தன் பெயரைக் கேட்கிறது. ஊரில் முதன்முதல் எழுத்தறிந்த பெண் அதைத் தேடுகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலால், வெளியே சென்று அறிவோடு மீளும் முதற்கட்டே எனக்கு இயல்பு என்று தோன்றலாம். ஆனால் அக்கட்டில் தேடும் பொருள் ஊருக்கு வெளியே இருக்கவேண்டும். இப்பெயரோ எழுத்தறியாத ஊர்க் கிழவிகளின் கதைகளில் துண்டு துண்டாய்க் கிடக்கிறது. எனவே மூன்றாம் கட்டையே கொண்டேன். வேதாளத்தின் விதிபோல் இங்கும் ஒரு விதி உண்டு: அவள் ஒரு கதையை எழுதி முடித்தால், சொன்னவள் அதை மறந்துபோவாள். எழுதுவதா, கேட்டு நெஞ்சில் வைப்பதா என்பதே நாவல்.

முடிவுரை

எழுத விரும்பும் நண்பர்கள் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். தேடும் பொருள் எங்கே உள்ளது? மாயம் கேட்கும் விலை என்ன? அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இவற்றிற்கு நேர்மையான விடை கிடைத்தால் கட்டு தானே புலப்படும்.