சிறு படகில் வெளிப்பொருத்து யந்திரத்தின் உயரமும் சாய்வும்

ஆற்றுப் படுகைகளிலும் திட்டுகளிலும் நிலம் வைத்திருக்கும் குடியானவர்களுக்குப் படகானது வண்டிக்குச் சமானமான சாதனமாகும். வாழைத்தார், எருமூட்டை, விதை, கூலியாட்கள் ஆகிய யாவும் அதிலேயே கரை சேர வேண்டும். வெள்ள காலத்திலோ அதுவே உயிர் காக்கும் கருவி. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேட்டூர் உபரிநீரால் கொள்ளிடம் பெருகியபோது, சிதம்பரத்தை அடுத்த திட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் படகுகளிலேயே மீட்கப்பட்டனர். ஆகவே படகின் பின்புறம் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார் என்னும் வெளிப்பொருத்து யந்திரத்தைச் சரிவர அமைக்கும் முறையை நிலக்காரரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

நுகத்தடியை ஏர்க்காலில் சற்று முன்னோ பின்னோ கட்டுவதால் உழவின் ஆழம் மாறுவதை நாம் அறிவோம். மாடும் கலப்பையும் நன்றாயிருந்தும், கட்டு தவறினால் உழவு கெடும். அவ்வாறே நல்ல யந்திரமும் நல்ல படகும் இருந்தும், ஒன்று மற்றொன்றுக்கு இசைய மாட்டப்படாவிடில் எண்ணெய் வீணாவதோடு அபாயமும் நேரும்.

ஓர் அனுபவம்

கொள்ளிடக் கரையூர் ஒன்றில் வாழை பயிரிடும் ஒருவர் 15 அங்குலத் தண்டுள்ள யந்திரம் ஒன்றை வாங்கி, 20 அங்குலம் உயரமுள்ள பின்பலகையில் மாட்டியிருந்தார். வெறும் படகில் ஒருவாறு ஓடிற்று. தார்களையும் நான்கு ஆட்களையும் ஏற்றி நடு ஆற்றில் திருப்பியபோது யந்திரம் பெருஞ்சத்தமிட்டுச் சுழன்றதேயன்றிப் படகு நகரவில்லை. நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. படகில் மூங்கிற் கழி ஒன்று இருந்தமையால் ஆழமற்ற இடத்தில் ஊன்றிக் கரை சேர்ந்தனர். யந்திரம் பழுது என்றெண்ணி அவர் என்னை அழைத்தார். அளந்து பார்த்ததில் யந்திரத்தில் பழுது ஒன்றுமில்லை. ஐந்து அங்குல உயரமே குற்றம் என்று தெரிந்தது. பின்பலகையை ஐந்து அங்குலம் வெட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். அது கூடவே கூடாது. பின்பலகை தாழ்ந்தால், வேகத்தைத் திடீரெனக் குறைக்கும்போது பின்னாலிருந்து வரும் அலை அவ்வெட்டின் வழியே படகினுள் புகும். தண்டு நீண்ட யந்திரமாக மாற்றிக்கொள்வதே தக்க பரிகாரம். அவரும் அவ்வாறே செய்தார்.

அளக்கும் முறை

பின்பலகையின் மேல்விளிம்பின் நடுவிலிருந்து ஏராவின் அடிவரை நேர்க்குத்தாக அளக்க வேண்டும். அவ்வளவு சுமார் 15 அங்குலமாயின் (381 மில்லிமீட்டர்) குட்டைத் தண்டும், சுமார் 20 அங்குலமாயின் (508 மில்லிமீட்டர்) நெடுந்தண்டும் பொருந்தும். இவ்வளவை அறியாமல் யந்திரம் வாங்கச் செல்லலாகாது.

உயரம்

யந்திரத்தின் அடிப்பாகத்தில், விசிறிக்கு மேலே தட்டையான தகடு ஒன்று உண்டு. நீர்ப்பரப்பிலிருந்து காற்றை விசிறி இழுக்காமல் தடுப்பது அதன் வேலை. படகைக் கரையில் வைத்து, நேரான கட்டை ஒன்றை ஏராவின் அடியில் ஒட்டிப் பிடித்துப் பின்புறமாக நீட்டுக. தகடு அக்கட்டையின் மட்டத்திலோ, அதற்கு ஓர் அங்குலத்திற்குள் கீழாகவோ இருப்பின், பாரம் ஏற்றி மெதுவாகச் செல்லும் படகுக்கு அது சரியான தொடக்க அளவாகும்.

யந்திரம் மிக உயரமாயின் விசிறி காற்றைப் பிடித்து வீணே சுழலும். திரும்பும்போதும் அலையிலும் இது மிகும். குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துவாரமும் காற்றை இழுத்து, யந்திரம் சூடேறிக் கெடும். மிகத் தாழ்ந்தாலோ, அடிப்பாகம் நீரில் இழுபட்டு வேகம் குறையும். எண்ணெய் அதிகம் செல்லும். நீர் பின்னால் வாரியடிக்கும். விசிறி மணலிலும் வேரிலும் மோதும். தாழ்ந்திருப்பின் பின்பலகையின்மேல் தகுந்த கனமுள்ள உறுதியான மரச்சட்டத்தைப் பொருத்தி உயர்த்தலாம். சட்டம் அசையாதபடியும், யந்திரத்தின் பிடி திருகுகள் முழுதும் பலகையைக் கவ்வும்படியும் இருத்தல் வேண்டும்.

சாய்வு

பிடியிலுள்ள துவாரங்களில் ஒன்றில் செருகப்படும் ஊசியே சாய்வை நிர்ணயிக்கிறது. ஊசியைப் படகின் பக்கமாக மாற்றினால் விசிறி பின்பலகையை நெருங்கும், அணியம் தாழும். ஊசியை வெளிப்பக்கமாக மாற்றினால் அணியம் உயரும். படகு ஓடுகையில் தகடு நீர்மட்டத்திற்கு இணையாக நிற்பதே பொதுவில் நடுநிலையாகும். அப்போது விசிறியின் தள்ளுவிசை முழுதும் படகை முன்செலுத்தும். சாய்ந்திருப்பின் அதில் ஒரு பங்கு படகைத் தூக்குவதிலோ அமிழ்த்துவதிலோ செலவாகிவிடும்.

அணியம் வானத்தை நோக்கி எழுந்து மேலும் கீழும் துள்ளினால் ஊசியை ஒரு துவாரம் உள்ளே மாற்றுக. அணியம் நீரை உழுதுகொண்டு, படகு சுக்கானுக்கு அடங்காமல் ஒருபுறம் வெட்டி ஓடினால் ஒரு துவாரம் வெளியே மாற்றுக. இரண்டாவது குற்றமே அதிக அபாயகரமானது. யந்திரத்தை நிறுத்திய பின்னரே ஊசியைத் தொட வேண்டும்.

ஆயினும் ஊசியைத் தொடுமுன் பாரத்தைக் கவனித்தல் வேண்டும். ஓட்டுபவர், எண்ணெய்க் கலம், மூட்டை ஆகிய யாவும் அமரத்தில் குவிந்திருந்தால் எந்தத் துவாரமும் பயன் தராது. மூட்டைகளை நடுவில் பரப்பி, இருபுறமும் சமனாக்கி, அவை உருளாதபடி கட்டிய பின்னரே சாய்வைத் திருத்துக.

நேரே செல்கையில் படகு ஒரு பக்கம் இழுத்தால், தகட்டின் அடியில் சிறு துடுப்பு ஒன்று இருக்கும் யந்திரங்களில் அதன் பின்விளிம்பை இழுக்கும் பக்கமாகவே சிறிது திருப்புக. வலப்புறம் இழுத்தால் வலப்புறம், இடப்புறம் இழுத்தால் இடப்புறம் என்று நினைவில் வைக்கவும்.

சோதனை

வெறும் படகில் செய்யும் சோதனை முழுச் சோதனையாகாது. வழக்கமான பாரத்துடன், ஓட்டமில்லாத நீரில், கரையோரமாக ஓட்டிப் பார்க்கவும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் குணம் எதனால் வந்தது என்று விளங்காது. யந்திரத்தின் பின்னால் பீச்சும் குளிர்நீர்த் தாரை இடைவிடாது வருகிறதா என்று நோக்குக. தாரை நின்றால் உடனே யந்திரத்தை நிறுத்துக. சரியான துவாரம் தெரிந்ததும் அதற்கு நேரே வர்ணத்தால் அடையாளமிடுக. சிறிது நேரம் ஓடிய பின் பிடி திருகுகளை மறுபடி இறுக்கி, யந்திரத்தைச் சங்கிலியாலோ வலிய கயிற்றாலோ படகுடன் பிணைத்து வைக்கவும்.

கிராம அதிகாரிகளுக்கு

வெள்ள காலத்திற்கென வைக்கப்படும் படகுகளை மழைக்கு முன்பே, ஏற்றவிருக்கும் ஆட்களின் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்த்தல் நலம். மூழ்கிய வயல்களில் வேலிக்கால்களும் வரப்புகளும் கண்ணுக்குத் தெரியா. அங்கு யந்திரத்தைத் தூக்கி ஓட்டும் நிலையில் வைத்து மெல்லச் செல்க. ஆனால் நீர் உறிஞ்சும் துவாரம் நீருக்கு மேலே வரலாகாது. ஏறுவோர் அனைவருக்கும் மிதவை அங்கி வேண்டும். யந்திரத்தை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் தம் கையில் மாட்டியிருக்க வேண்டும். துடுப்பும் கழியும் எந்நாளும் படகில் இருக்கட்டும்.

ஓர் அளவுகோலும், நேரான கட்டை ஒன்றும், அரைநாட் பொழுதும் இருந்தால் இவ்வளவும் செய்து முடிக்கலாம். நடு ஆற்றில் தெரியவரும் குற்றத்தைக் கரையிலேயே அளந்து அறிவது எளிது. படகுள்ள ஒவ்வொருவரும் தண்ணீர் வருமுன் இதைச் செய்துவைக்கும்படி வேண்டுகிறோம்.